ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாத வண்டி

போன வாரம் பழைய ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு போன். பேசியது ஷாஜி. எனக்கு அடுத்த பெஞ்சில் பல வருடம் நின்றவன், இப்போது அங்கே அவன்தான் மூத்த மெக்கானிக். புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறார்களாம். வண்டியில் செருகினால் போதும், எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அதுவே எழுதிக் காட்டிவிடுமாம்.

"அண்ணாச்சி, ஒரு பழைய டீசல் வண்டி வந்திருக்கு. இழுவை இல்ல, எஞ்சின் லைட்டும் எரியுது. டர்போவ மாத்துன்னு மெசின் சொல்லுது. நீங்க என்ன சொல்லுகிய?"

"அது கெடக்கட்டும். ஞாயித்துக்கிழமை அந்த வண்டி என்ன செய்யும்னு கேட்டியா?" என்றேன்.

ஷாஜி சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. "அந்தக் கதைய எழுதி வையுங்க அண்ணாச்சி, இங்க புதுசா வந்தவங்க யாருக்கும் தெரியாது" என்றான். பென்ஷன் இல்லாத வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பெருமை பேசுவதற்காவது உரிமை வேண்டும் இல்லையா? எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன், திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் சில வருடம் கையில் கிரீஸ் பூசிக்கொண்டேன், கல்யாணம் ஆனதும் நாகர்கோவிலுக்கே வந்து இந்த ஒர்க்ஷாப்பில் சேர்ந்துவிட்டேன். அந்தக் காலத்து வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இழுவை குறைந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம், கார்புரேட்டரைத் திறந்து ஊதுவோம், காதை வைத்துக் கேட்போம். பிறகு கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்தன. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்றும் கூடவே வந்தது. அதைக் கண்டு எங்களைவிட வண்டிக்காரர்கள்தான் அதிகம் பயந்தார்கள்.

எல்லோரும் பயந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கொட்டாரம் பக்கம் ஒரு டாக்சிக்காரர் இருந்தார். வண்டி இழுக்கவில்லை, டீசலை மட்டும் குடிக்கிறது என்று வந்தார். டேஷ்போர்டைப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்ததாம். நான் ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, நீங்க தொடச்ச பொறவுதான் எரியுது, இதுவரைக்கும் எரியல்ல" என்று அவர் என்னையே குற்றவாளி ஆக்கினார். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இனி ஸ்டெல்லா மேடம். நான் பார்த்த மேலதிகாரிகளிலேயே உருப்படியானவர் அவர்தான். என்னைவிட வயதில் இளையவர், ஆட்டோமொபைல் என்ஜினீயரிங் படித்தவர், மார்த்தாண்டத்துக்காரர். ஒர்க்ஷாப் மேனேஜராக ஒரு பெண் வருகிறார் என்றபோது நாங்கள் என்னென்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வந்த முதல் வாரத்திலேயே எங்கள் வாயை அவர் அடைத்துவிட்டார், அதுவும் சத்தம் போடாமல். கஞ்சி போட்ட காட்டன் சேலைக்கு மேல் ஒர்க்ஷாப் கோட்டு, கோட்டுப் பையில் ஒரு டார்ச். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், மரியாதை கூடும். வழக்கமாக எங்களை அண்ணாச்சி, தம்பி என்று கூப்பிடுகிறவர், "சார், கொஞ்சம் இங்க வாருங்க சார்" என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது என்று பொருள்.

வண்டி வந்ததும் பானட்டைத் திறக்க விடமாட்டார். வண்டிக்காரரை உட்கார வைத்து பால் விடாத ஒரு கட்டன்சாயா வாங்கிக் கொடுத்து மூன்று கேள்வி கேட்பார். வண்டி எங்கே கிடக்கும்? யார் ஓட்டுவா? ஞாயிற்றுக்கிழமை எங்கே போவும்? மற்ற நாட்களில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் ஓடும், ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வீட்டின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. "பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட நான் இவ்வளவு கேக்கல்ல மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன். "கேட்டிருக்கணும் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம் நல்லா இருந்தது" என்றார்.

இந்தக் கேள்விகளின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு மீன் வண்டியால். இனயத்திலிருந்து மீன் ஏற்றுகிற வேன், விளக்கு எரியும், அணையும், திடீரென்று இழுவை போகும். நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். மேடம் முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டார். கடற்கரையில், உப்புக்காற்றில், ஐஸ் உருகிய மீன் தண்ணீர் ஒழுகியபடி கிடக்கும் வண்டி. "வண்டித் தரைக்கு அடியில போற எர்த் வயரப் பாருங்க" என்றார். பார்த்தால் வயர் வெளியே நன்றாக இருக்கிறது, உறைக்குள்ளே பச்சைப் பொடியாகிக் கிடக்கிறது. அன்றைக்கு அவருக்கு நானே கட்டன்சாயா வாங்கிக் கொடுத்தேன்.

இன்னும் இரண்டு சட்டங்கள் அவருக்கு உண்டு. ஸ்கேனரில் பதிவான கோளாறைப் பார்த்த உடனே அழிக்கக் கூடாது. "லைட்ட அணைக்கதுக்கு நாம என்ன பயர் சர்வீஸா?" என்பார். அடுத்தது, முதல் ஓட்டத்தில் வண்டிக்காரரே ஓட்ட வேண்டும், நாங்கள் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நம் கையில் ஓடுகிற வண்டியும் அவர் கையில் ஓடுகிற வண்டியும் ஒன்றல்ல என்பது அதன் காரணம்.

இவ்வளவும் இருந்தும் ஒரு வண்டி எங்களை ஏமாற்றப் பார்த்தது. அதைத்தான் ஷாஜி கேட்டான்.

கொட்டாரத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே ஒரு ஊரிலிருந்து ஞானதாஸ் சார் வந்தார். பள்ளிக்கூட ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவர் மனைவி ரோஸ்லெட் அம்மா. வண்டி வெள்ளை நிற டீசல் கார், வயதானாலும் பளபளவென்று இருந்தது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அக்கா கல்யாணத்துக்காக அவன் வாங்கிய கார், லீவு முடிந்து போகும்போது அப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஞானதாஸ் சார் வேலையை விட்ட பிறகுதான் லைசென்ஸே எடுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். மகள் பெனிட்டாவைக் கட்டிக்கொடுத்தது மேற்கே, புதுக்கடை தாண்டி ஒரு மேட்டு வீட்டில். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து முதல் பிரசவம். அடுத்த சனிக்கிழமை இவர்கள் பலகாரத்தோடு போய் அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டுக்கு ஏறும் ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி இழுவை விட்டுவிட்டது. மஞ்சள் விளக்கும் எரிந்தது. சம்பந்தி வீட்டார் வந்து தள்ளி ஏற்றியிருக்கிறார்கள்.

"தள்ளினது போட்டும். 'பிள்ளைய நாங்களே எங்க வண்டியில கொண்டு விடுகோம், நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம்'னு சம்பந்தி சொல்லிட்டாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல்ல மேடம்" என்றார் ஞானதாஸ் சார். "எம்மகள கெட்டிக் குடுத்து அனுப்புனது இந்த வண்டியிலயாக்கும். கூட்டிட்டு வாறதும் இதுலதான் இருக்கணும்."

"மகனுக்கு வேற அவசரம்" என்றார் ரோஸ்லெட் அம்மா. "வித்துத் தொலையுங்க, நான் வந்து புதுசு எடுத்துத் தாறேங்கான். பெனிட்டா என்னன்னா, எங்க அப்பா வண்டி வந்தாத்தான் எறங்குவேன்னு அங்க ஒத்தக்கால்ல நிக்கா."

ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருந்தார்கள். ஒருவர் சென்சாரை மாற்றியிருந்தார், இன்னொருவர் டீசல் பில்டரை மாற்றி விளக்கை அழித்துவிட்டிருந்தார். எனக்கு இந்த மாதிரி வைத்தியத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தலைவலிக்கு வந்தவனுக்குச் செருப்பை மாற்றிக் கொடுத்து அனுப்புவதா?

மேடம் கட்டன்சாயா வரவழைத்துக் கேள்விகளைத் தொடங்கினார். வண்டி எங்கே கிடக்கும்? வீட்டு முற்றத்தில், மேலே தகரம் போட்டு மூன்று பக்கமும் திறந்த ஷெட். யார் ஓட்டுவா? இவர் மட்டும்தான், அதுவும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவும்?

ஞானதாஸ் சார் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். "ஓய்வு நாளுல்லா மேடம். எங்கயும் போவாது. சர்ச் எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே, நடந்துதான் போவோம்" என்றார். ரோஸ்லெட் அம்மா டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் ஓட்டம். அவர் ஓட்ட, நாங்கள் பின்சீட்டில். நாகர்கோவிலிலிருந்து கிழக்கே வயல்வெளிச் சாலையில் வண்டி ஒரு குறையும் இல்லாமல் போனது. சமதரையில் இந்த நோய் தெரியாது. மேடம் வண்டியை மேற்கே திருப்பச் சொன்னார். தக்கலையைத் தாண்டி ஒரு ஏற்றம் வந்தது. பாதியில் எஞ்சின் இருமியது, விளக்கு எரிந்தது, வண்டி நத்தையாக ஊர்ந்தது. ஓரம் கட்டி, அணைத்து, மறுபடி எடுத்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், எஞ்சின் கெட்டுவிடாமல் இருக்க அதுவே இழுவையைக் குறைத்துவிடும். ஸ்கேனரும் அதையே காட்டியது. கேட்ட காற்று ஒரு அளவு, வந்த காற்று அதைவிட எவ்வளவோ குறைவு.

காற்று ஏன் குறைகிறது? குழாய்கள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. மாற்றியிருந்த சென்சார் நன்றாக வேலை செய்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அதை இயக்குகிற சின்னக் கம்பி ஒன்று உண்டு, கைப்பம்பு வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இது பாதியில் நின்று, யோசித்து, பிறகு போனது. சரி என்று புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற வால்வைக் கழற்றினேன். அப்பப்பா! உள்ளே கரி அப்பிக் கிடந்த கிடப்பைப் பார்த்து ஷாஜி அடுப்பங்கரைக்கு வந்துவிட்டோமோ என்றான். காற்று போகிற வழியில் என் சுண்டுவிரல் நுழைய மட்டும்தான் இடம் இருந்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் பிரஷ்ஷைத் தேடிப் போனேன். "சார், கொஞ்சம் இங்க வாருங்க சார்" என்று மேடத்தின் குரல்.

"இவ்வளவு கரி எங்கேர்ந்து வந்தது?" என்றார். "சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போற வண்டி. கழுவிக் குடுத்தா இன்னைக்கு ஏறும். காரணம் தெரியாமக் குடுத்தா திரும்ப அடைக்கும். அப்பம் நிக்கது அந்த ஏத்தத்துல, பிள்ளத்தாச்சிப் பொண்ண வச்சுக்கிட்டு. சந்தேகத்தோட இந்த வண்டிய நான் வெளிய விடமாட்டேன்."

சொன்னது நியாயம். ஆனால் மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது, நான்காவது கேள்வி எங்களிடம் இல்லை. சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் ஞானதாஸ் சார் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சும்மா நிற்க முடியாமல் வண்டிக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கால் மிதிகளின் ரப்பரில் வரிகள் புத்தம் புதுசாக இருந்தன. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் அப்படித்தான். இத்தனை வயதான வண்டியில் அது வழுவழுவென்று தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் ஏ.சி.யைத் திருகுகிற குமிழில் எழுத்து முழுக்க அழிந்திருந்தது. பாட்டுப்பெட்டியின் பொத்தானில் எது கூட்டுவது, எது குறைப்பது என்றே தெரியவில்லை. பக்கத்துச் சீட்டு நன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டு, அதில் ஒரு பூப்போட்ட குஷன். டம்ளர் வைக்கிற பள்ளத்தில் வட்டவட்டமாகக் காப்பிக் கறை. இந்த வண்டியில் ஓட்டியவர்களைவிட உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் என்று எனக்குச் சுருக்கென்று உறைத்தது.

குஷனை எடுத்துக்கொண்டு ரோஸ்லெட் அம்மாவிடம் போனேன். "அம்மா, இது யாருக்குள்ளது?"

"எனக்குள்ளது" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏட்டி, சும்மா இரி" என்றார் ஞானதாஸ் சார்.

"என்ன சும்மா இரி? டாக்டர்ட்டயும் மெக்கானிக்ட்டயும் மறைக்கப்பிடாது" என்று அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மகன் போகும்போ, அப்பா, வண்டிய வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி விடுங்க, இல்லேன்னா பேட்டரி போயிரும்னு சொல்லிட்டுப் போனான் மேடம். இவியளுக்கு ரோட்டுல எறங்கப் பயம். பஸ்ஸக் கண்டா ஓரமா நிறுத்திருவாவ. அதனால சர்ச் முடிஞ்சு வந்ததும் ஷெட்டுலயே ஸ்டார்ட் பண்ணுவோம். ஸ்டார்ட் பண்ணிட்டு சும்மா நிக்க முடியுமா? ஏறி உக்காருவோம். ஏ.சி. போடுவோம், பாட்டுப் போடுவோம். நான் பிளாஸ்க்குல காப்பியும் முந்திரிக்கொத்தும் கொண்டு வருவேன். மகன் வீடியோவுல வருவான், பெனிட்டா வருவா. மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கதான் இருப்போம். எங்களுக்கு அதாக்கும் டூர்."

"எத்தன வருசமா?" என்று மேடம் கேட்டார்.

"வண்டி வந்த நாளு முதலு" என்றார் ஞானதாஸ் சார், தலையைக் குனிந்தபடி. "எங்க போவும்னு கேட்டிய, எங்கயும் போவாதுன்னு சொன்னேன். பொய் சொல்லல்ல மேடம்."

மேடம் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கோட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒர்க்ஷாப்பில் அத்தனை பேரும் ஸ்பானரைப் போட்டுவிட்டுச் சிரித்தோம். கடைசியில் ஞானதாஸ் சாரும் சேர்ந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடினால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் கரி எரியாது, வழியெல்லாம் படியும். டர்போவுக்கும் வேலை இல்லாமல் அதன் கம்பி இறுகிவிடும். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் ஊரில் விட்டுப்போகிற வண்டிகள் எத்தனை ஷெட்டில் இப்படித்தான் வாரம் ஒருமுறை நின்றபடியே உறுமுகின்றன! வண்டி கெட்டுவிடக் கூடாது என்று பாசத்தோடு செய்கிற காரியம்தான் வண்டியைக் கெடுக்கிறது. மூன்று பக்கமும் திறந்த ஷெட்டாக இருந்தது அவர்கள் நல்ல நேரம். "அடச்ச ஷெட்டுல வண்டிய ஓட விட்டு உள்ள இருந்தா ஆளுக்கே ஆபத்து, ஒருத்தரும் செய்யப்பிடாது" என்று மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டு நாள் நானும் ஷாஜியும் கரி சுரண்டினோம். மருந்து ஊற்றி ஊற வைத்து, பிரஷ் போட்டு, காற்றடித்து, மறுபடி மருந்து. டர்போக் கம்பி வழுக்கும்வரை அதை ஆட்டினேன். வால்வைத் திரும்ப மாட்டியபோது உலோகத்தின் நிறமே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. ஒரு சாமானும் புதிதாக வாங்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

பிறகு அதே தக்கலை ஏற்றம். நான் ஓட்டினேன், துள்ளிக்கொண்டு ஏறியது. மேடம் என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஞானதாஸ் சாரை உட்கார வைத்தார். ரோஸ்லெட் அம்மா பக்கத்துச் சீட்டில், குஷனோடு; நானும் மேடமும் பின்சீட்டில். ஏற்றம் வந்ததும் ஞானதாஸ் சார் மிதியில் காலைப் பட்டும் படாமலும் வைத்தார். எஞ்சின் முனகியது.

"மிதியுங்க சாரே" என்றேன்.

"சத்தம் போடுகே. எஞ்சினுக்கு வலிக்காதா?"

"சத்தம் போடட்டும். இத்தன வருசம் அது வாயத் தொறக்கல்லல்லா, இப்பம் கத்தட்டும்" என்றார் மேடம்.

"மகள கூட்டிட்டு வரணும், என்ன யோசிக்கிய? மிதியுங்க!" என்று ரோஸ்லெட் அம்மா போட்ட சத்தத்தில் நானே இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

அவர் கியரைக் குறைத்து மிதித்தார். வண்டி ஒரு உறுமு உறுமிப் பாய்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் மிச்சம் மீதியிருந்த கரியெல்லாம் ஒரு பெரிய கறுப்பு மேகமாகக் கிளம்பி, சாலையோர டீக்கடையை மூடிவிட்டது. கடைக்காரர் பஜ்ஜிக் கரண்டியோடு வெளியே வந்து எங்கள் குலத்தையே விசாரித்தார். உச்சிக்குப் போய்த் திரும்பி வரும்போது மேடம் வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, கடையில் இருந்த பழ பஜ்ஜி முழுவதையும் வாங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் பஜ்ஜிக்குச் சேதம் இல்லை. ஞானதாஸ் சார் இரண்டு கையிலும் பஜ்ஜியை வைத்துக்கொண்டு, "ஏறிட்டுல்லா! நானே மிதிச்சு ஏத்திட்டேன்லா!" என்று கடைக்காரரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரரும் கோபத்தை மறந்து, கொள்ளாம், நல்லாத்தான் ஏத்தினிய என்றார்.

சாவியைக் கொடுக்கும்போது மேடம் கண்டிப்பாகச் சொன்னார். இனி ஷெட்டில் நிறுத்தி ஓட விடக் கூடாது. ஞாயிறு சர்ச் முடிந்ததும் பேச்சிப்பாறை வரைக்கும் போய் வர வேண்டும். மலை ஏற்றத்தில் கியர் குறைத்து நன்றாக மிதிக்க வேண்டும், இடையில் எங்கும் நிறுத்தக் கூடாது.

"வாரா வாரமா?" என்று கேட்டார் ஞானதாஸ் சார்.

"வாரா வாரம்!" என்றார் ரோஸ்லெட் அம்மா. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். "மேடம், அத பில்லுலயே எழுதித் தாங்க. வாயால சொன்னா இவிய கேக்கமாட்டாவ." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "இத ஆம்பிளையதான் மிதிக்கணும்னு உண்டா?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஆளு தெரியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே மேடம் பில்லின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை எனக்கு வேலையில் கவனம் இல்லை. பத்து தடவை போனைப் பார்த்திருப்பேன். மேடமும் தன் அறையில் சும்மா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் ரோஸ்லெட் அம்மாவின் வீடியோ கால் வந்தது, போனோடு மேடத்தின் அறைக்கு ஓடினேன். மேட்டு வீட்டு முற்றம், வாசலில் வெள்ளைக் கார், அதைச் சுற்றிச் சம்பந்தி வீட்டு ஆட்கள். "பாருங்க அண்ணாச்சி, ஒருத்தரும் தள்ளல்ல!" என்றார். சம்பந்தி போனை வாங்கி, தள்ளுவதற்கு நான்கு பேரைத் தயாராக நிறுத்தியிருந்ததாகவும் அவர்களுக்குக் கொடுத்த சாயா வீணாகிவிட்டதாகவும் சொல்லிச் சிரித்தார். பெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். ஞானதாஸ் சார் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல், கல்யாண மாப்பிள்ளை போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனை வைத்ததும் மேடம் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வாரத்திலிருந்து மேடம் மூன்றாவது கேள்வியை மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவும் என்பது போய், ஞாயிற்றுக்கிழமை வண்டி என்ன செய்யும் என்று ஆனது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிறு, நானும் என் வீட்டுக்காரியும் ஸ்கூட்டரில் பேச்சிப்பாறைக்குப் போனோம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றத்தில் என் ஸ்கூட்டர் மூச்சு வாங்கியது. இழுவை குறைந்த வண்டியை நாற்பது வருடம் பார்த்தவன் சொந்த ஸ்கூட்டரைக் கவனிக்கவில்லை என்று பின்னாலிருந்து அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. அப்போது பின்னால் விடாமல் ஒரு ஹாரன். ஒதுங்கினேன். வெள்ளை டீசல் கார் நல்ல உறுமலோடு எங்களைத் தாண்டியது.

ஸ்டியரிங்கில் ரோஸ்லெட் அம்மா. பூப்போட்ட குஷன் அந்த அம்மாவுக்கு அடியில், டிரைவர் சீட்டுக்கு இடம் மாறியிருந்தது. பக்கத்தில் சாய்த்த சீட்டில் ஞானதாஸ் சார், கையில் காப்பி டம்ளர். பின்கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு பெண்குழந்தை எங்களுக்குக் கை காட்டியது.

"அம்மா! நிறுத்துங்கம்மா, ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து ஆடியது. "முடியாது அண்ணாச்சி! ஏத்தத்துல நிறுத்தப்பிடாதுன்னு மேடம் எழுதித் தந்திருக்காவ!"

வளைவில் திரும்பும்வரை வண்டியின் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். துளி புகை இல்லை.